எண்ணிக்கை நாளில் டிவியில் ஓடும் "முன்னிலை" எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கொள்ளிடக்கரை கேட்டது:

வாக்கு எண்ணிக்கை அன்று நாலு சேனல் போட்டால் நாலு எண் வருகிறது. ஒன்றில் 62 தொகுதி முன்னிலை, அடுத்ததில் 48, மூன்றாவதில் அதே கட்சிக்கு 71. காலை எட்டேகாலுக்கே இந்தக் கூத்து ஆரம்பித்துவிடுகிறது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தைத் திறந்தால் அங்கே பாதித் தொகுதிகளுக்கு எண்ணே இருக்காது.

தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது:

சேனலுக்குச் சேனல் ஏன் இவ்வளவு வித்தியாசம்? எத்தனையாவது சுற்றுக்குப் பிறகு ஒரு முன்னிலையை நம்பலாம்? சில தொகுதிகள் மட்டும் ராத்திரி பத்து, பதினொன்று வரை இழுப்பது எதனால்?

இன்னொன்றும் கேட்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் காலையிலிருந்து ரிமோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, சாப்பாடு மாத்திரை எல்லாம் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சுற்றுக்கு நடுவில் மனசைக் கொஞ்சம் இறக்கி வைக்கிற மாதிரி என்ன புத்தகம் கையில் கொடுக்கலாம்?

---

சீல் அரக்கு எழுதியது:

முதலில் ஹாலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் டிவி எண் எங்கிருந்து வருகிறது என்பது தானாகப் புரியும்.

காலை 8 மணிக்குத் தபால் ஓட்டு எடுப்பார்கள். ஒரு மேசைக்கு அதிகபட்சம் 500 தபால் ஓட்டு. 8.30க்கு இயந்திரங்கள் ஆரம்பம். தபால் ஓட்டு முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஆக, எட்டேகாலுக்கு டிவியில் வரும் "முன்னிலை" முழுக்கத் தபால் ஓட்டிலிருந்து வருவது. அதில் பெரும்பகுதி தேர்தல் பணிக்குப் போன ஆசிரியர்கள், அரசு ஊழியர்கள், போலீஸ்காரர்கள், ராணுவத்தில் இருப்பவர்கள், 85 வயது தாண்டியவர்கள் போட்ட ஓட்டு. தொகுதியின் மொத்த மனநிலைக்கு அது மாதிரி ஆகாது. அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம், வருத்தப்படவும் வேண்டாம்.

ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு வழக்கமாக 14 மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு பூத்தின் கண்ட்ரோல் யூனிட், அதாவது ஓட்டு பதிவாகியிருக்கும் பெட்டி. 14 பூத் எண்ணி முடித்தால் ஒரு சுற்று. 300 பூத் உள்ள தொகுதிக்கு 22 சுற்று என்பது இப்படி வருவதுதான். 2021இல் கொரோனாவுக்காக ஒரு பூத்துக்கு ஆயிரம் வாக்காளர் என்று குறைத்ததில் தமிழ்நாட்டில் பூத்துகள் 88,937 ஆயின. சராசரியாகத் தொகுதிக்கு 380. சுற்றுகள் கூடியதற்கும் முடிவுகள் தாமதமானதற்கும் அது ஒரு முக்கியக் காரணம்.

மேசையில் நடப்பது இதுதான். ஸ்ட்ராங் ரூமிலிருந்து பெட்டி வரும். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர்களின் ஏஜென்ட்களுக்குச் சீலைக் காட்டுவார்கள். ரிசல்ட் பட்டனை மூடி ஒரு பச்சைத் தாள் சீல் இருக்கும், அதில் வரிசை எண் அச்சாகியிருக்கும். வாக்குப்பதிவு அன்று பூத் ஏஜென்ட் குறித்து வைத்த எண்ணும் இதுவும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அந்தத் தாளைக் குத்தி உள்ளே இருக்கும் பட்டனை அழுத்துவார்கள். சின்னத் திரையில் மொத்த ஓட்டு, அதன்பின் வரிசைப்படி ஒவ்வொரு வேட்பாளரின் ஓட்டு, கடைசியில் நோட்டா. எழுதத் தவறினால் மறுபடி அழுத்தச் சொல்லலாம். வேட்பாளர் அதிகம் என்றால் இதற்கே நேரம் பிடிக்கும். 2024இல் கரூர் மக்களவைத் தொகுதியில் 54 பேர் நின்றார்கள், நாகப்பட்டினத்தில் 9 பேர். ஒரே வேலைக்கு ஆகும் நேரம் எவ்வளவு மாறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

திரையில் வரும் மொத்த ஓட்டு, பூத்தில் எழுதிய 17-சி படிவத்தின் முதல் பகுதியோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் அதே படிவத்தின் இரண்டாம் பகுதியில் முடிவை எழுதி, மேற்பார்வையாளரும் ஏஜென்ட்களும் கையெழுத்திட்டு, தேர்தல் நடத்தும் அலுவலர் மேசைக்குப் போகும். ஆணையம் அனுப்பும் பார்வையாளர் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது இரண்டு இயந்திரத்தை எடுத்துச் சரிபார்ப்பார். 14 தாளும் கூட்டப்பட்டு, அலுவலர் கையெழுத்திட்ட பிறகே அது அந்தச் சுற்றின் அதிகாரபூர்வ எண். இணையதளத்தில் ஏறுவது அதுதான்.

டிவிக்காரர்கள் இவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார்கள். ஹாலுக்குள் ஏஜென்ட்களுக்குச் செல்போன் அனுமதி இல்லை. ஆனால் அவர்கள் எழுதிய கணக்கு கட்சி ஆட்கள் வழியே வெளியே வந்துவிடும். நிருபர் அதை வாங்கி அலுவலகத்துக்குச் சொல்வார். ஒரு சேனலுக்கு ஒன்பது மேசைக் கணக்கு கிடைத்திருக்கும், இன்னொன்றுக்குப் பதினொன்று. ஒரு சேனல் ஆளுங்கட்சி ஏஜென்ட்டிடம் கேட்டிருக்கும், இன்னொன்று எதிர்க்கட்சி ஏஜென்ட்டிடம். வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். முழுசாகாத கணக்கை முழுசானதுபோலக் காட்டுகிறார்கள். அதுதான் என் வருத்தம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

"எத்தனையாவது சுற்றுக்குப் பிறகு நம்பலாம்" என்று ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது. மீதி இருக்கும் ஓட்டோடு வித்தியாசத்தை ஒப்பிட வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

ஒரு தொகுதியில் 2,50,000 வாக்காளர், 72 சதவீதம் பதிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,80,000 ஓட்டு. 300 பூத் என்றால் பூத்துக்கு 600. 14 பூத் சேர்ந்த ஒரு சுற்றுக்கு 8,400.

எட்டாவது சுற்று முடிந்ததும் ஒருவர் 3,000 ஓட்டு முன்னிலை. எண்ணியது 67,200. மீதி 1,12,800. பின்தங்கியவர் மீதி ஓட்டில் நூற்றுக்கு மூன்று ஓட்டு எதிராளியைவிடக் கூடுதலாக வாங்கினால் ஜெயித்துவிடுவார். இதெல்லாம் சாதாரணம். இந்த நேரத்தில் "வெற்றி முகம்" என்று போட்டால் நம்பாதீர்கள்.

அதே 3,000 முன்னிலை 18ஆவது சுற்று முடிவில் இருந்தால்? மீதி 48 பூத், 28,800 ஓட்டு. இப்போது நூற்றுக்குப் பத்துக்கு மேல் கூடுதலாக வாங்க வேண்டும். மீதி பூத்துகள் முழுக்கப் பின்தங்கியவரின் சொந்த ஊர்ப்பக்கமாக இருந்தாலொழிய அது கஷ்டம்.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். பூத்துகளை வரிசை எண்படி எண்ணுவார்கள். முதல் சுற்றில் 1 முதல் 14, இரண்டாவதில் 15 முதல் 28. அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே ஒன்றியம். ஆகவே முதல் ஐந்து சுற்று நகராட்சி வார்டாகவும் கடைசி ஆறு சுற்று கிராமமாகவும் வரலாம். முன்னிலை மெதுவாகக் கரைவதோ திடீரென்று ஏறுவதோ இதனால்தான். உங்கள் தொகுதியின் வாக்குச்சாவடிப் பட்டியலைத் தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் முந்தின நாளே எடுத்து, எந்தச் சுற்றில் எந்தப் பகுதி என்று ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். டிவியில் உட்கார்ந்து பேசும் யாரையும்விட உங்களுக்கு நிலவரம் தெளிவாகத் தெரியும்.

கண் முன்னே நடந்தவை: 2021இல் கோவை தெற்கில் பல சுற்றுகள் முன்னிலையில் இருந்த கமல்ஹாசன் கடைசியில் வானதி சீனிவாசனிடம் 1,728 ஓட்டில் தோற்றார். அதே நாள் காட்பாடியில் துரைமுருகன் பல சுற்று பின்தங்கிவிட்டு 746 ஓட்டில் ஜெயித்தார். தியாகராய நகரில் வித்தியாசம் 137.

மக்களவைத் தேர்தல் என்றால் இன்னொரு சிக்கல். தமிழ்நாட்டில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு ஆறு சட்டமன்றப் பகுதி. ஆறுக்கும் தனித்தனி ஹால், தனித்தனி 14 மேசை. ஒரு ஹாலில் 12ஆவது சுற்று ஓடும்போது இன்னொன்றில் 15. டிவியில் "12ஆம் சுற்று முடிவில்" என்று போடுவது அங்கே பாதி உண்மைதான். 2024இல் தர்மபுரியில் சௌமியா அன்புமணி ஆரம்பச் சுற்றுகளில் முன்னிலையில் இருந்தார். முடிவில் ஆ. மணி 21,300 ஓட்டில் ஜெயித்தார். விருதுநகரில் மாணிக்கம் தாகூரும் விஜயபிரபாகரனும் மாறி மாறி வந்து, 4,379இல் முடிந்தது.

---

மூணாம் பக்கம் எழுதியது:

அண்ணன் இருவரும் சொன்னது சரி. ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. டிவியை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. மாநிலம் முழுக்கக் காற்று எந்தப் பக்கம் என்பது பதினொரு மணிக்கெல்லாம் டிவியில் ஓரளவு தெரிந்துவிடும். 234 தொகுதியில் சின்னச் சின்னத் தவறுகள் இரண்டு பக்கமும் விழுந்து ஒன்றையொன்று சமன் செய்துவிடும். தனித்தொகுதி முடிவுக்குத்தான் டிவியை நம்ப முடியாது. ஆட்சி யாருக்கு என்று பார்க்க டிவி, உங்கள் ஊர் எம்.எல்.ஏ. யார் என்று பார்க்க இணையதளம்: இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரும்பான்மைக்கு வேண்டிய 118ஐத் தாண்டியது என்று ஒரு சேனல் மட்டும் சொன்னால் பொறுங்கள், மூன்று சேனல் சொன்னால் சரி.

இணையதளத்தில் பார்க்கும்போது வித்தியாசத்தை மட்டும் பார்க்காமல் "முடிந்த சுற்று / மொத்தச் சுற்று" என்ற இடத்தையும் பாருங்கள். "வெற்றி" என்று அங்கே மாறுவது அலுவலர் முடிவை அறிவித்த பிறகுதான். பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். விரலால் இழுத்து இழுத்துப் புதுப்பித்தால் சீக்கிரம் வந்துவிடாது. யூடியூப் நேரலை கேபிளைவிடப் பின்னால் வரும். இரண்டு அறையில் இரண்டையும் ஓடவிட்டு "எண் மாறுதே" என்று குழம்ப வேண்டாம்.

ஓட்டுப் போட்டு வந்தவர்களிடம் கேட்டு எடுக்கும் வாக்குக் கணிப்பை (எக்ஸிட் போல்) பற்றி யாரும் சொல்லவில்லை. சட்டப்படி கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் ஆகும்வரை அதை வெளியிடக் கூடாது. 2024இல் தமிழ்நாடு ஏப்ரல் 19இல் ஓட்டுப் போட்டும் கணிப்பு ஜூன் 1 மாலைதான் வந்தது அதனால்தான். அன்றைக்குப் பெரும்பாலான கணிப்புகள் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350க்கு மேல் கொடுத்தன. வந்தது 293.

தவறு பெரும்பாலும் ஓட்டு சதவீதத்தை இடமாக மாற்றும்போது நடக்கிறது. தமிழ்நாட்டுக் கணக்கையே பாருங்கள். 2024இல் தி.மு.க. கூட்டணிக்குச் சுமார் 47 சதவீதம், அ.தி.மு.க. கூட்டணிக்கு 23, பா.ஜ.க. கூட்டணிக்கு 18. இடமோ 39, 0, 0. 41 சதவீத ஓட்டு இரண்டாகப் பிரிந்ததில் ஒரு இடம்கூட இல்லை. மும்முனைப் போட்டியில் சதவீதத்தை ஓரளவு சரியாகப் பிடித்தவர்களும் இடத்தில் சறுக்குவார்கள். கணிப்பு நிகழ்ச்சியில் "எத்தனை பேரிடம் கேட்டீர்கள், எந்தத் தேதிகளில் கேட்டீர்கள்" என்பதைத் திரையின் அடியில் போடாவிட்டால் அடுத்த சேனலுக்குப் போய்விடுங்கள்.

---

பைண்டிங் தொகுப்பு எழுதியது:

புத்தகக் கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் சொல்கிறேன்.

முதல் சுற்று வர ஒன்பது, ஒன்பதேகால் ஆகும். அதன்பின் சுற்றுக்கு இருபது முதல் முப்பது நிமிடம். கையில் கொடுக்கும் எதுவும் இந்த இடைவெளிக்குள் ஒரு முழு வட்டம் முடிய வேண்டும். பத்துப் பன்னிரண்டு பக்கம். நகைச்சுவைச் சிறுகதை, பயணக் கட்டுரை, ஊர்க்கதை, பழைய கச்சேரி விமர்சனம், இவை பொருந்தும். துப்பறியும் நாவல் வேண்டாம். ஏற்கெனவே ஒரு சஸ்பென்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது ஒன்று மனசுக்குப் பாரம். அரசியல்வாதியின் சுயசரிதையும் அன்றைக்கு வேண்டாம்.

புதுப் புத்தகத்தைவிட ஏற்கெனவே படித்த புத்தகம் நல்லது. பாதியில் தலையைத் தூக்கி டிவியைப் பார்த்துவிட்டு வந்தாலும் இழை அறுந்துபோகாது. அந்தக் காலத்து வார இதழ் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்த தொகுப்பு பரணில் இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை. கதைக்கு நடுவில் பாதி வெட்டுப்பட்ட ஜோக், சோப்பு விளம்பரம், பின்பக்கத்தில் வேறு ஏதோ கதையின் கடைசிப் பத்தி என்று எல்லாமே நின்று பார்க்க வைக்கும். பெரியவர்கள் கையில் கொடுத்தால் அரை மணி நேரம் எண்ணை மறப்பார்கள். கொடுக்கும் முன் ஓரங்களைப் பாருங்கள்: பழைய தாள் மடித்த இடத்தில் உடையும், ஸ்டேபிள் துரு விரலில் குத்தும். பரணிலிருந்து எடுத்ததை ஒரு நாள் முன்னதாகவே நிழலில் விரித்து, உலர்ந்த துணியால் தூசி தட்டிக் கொடுங்கள். இல்லாவிட்டால் தும்மலில் போய் முடியும்.

கண் சிரமம் உள்ளவர்களுக்கு நீங்கள் வாசித்துக் காட்டலாம். டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு அடியில் ஓடும் எழுத்தை மட்டும் ஓடவிடுங்கள். படபடப்பைக் கூட்டுவது எண்ணைவிட அந்தப் பின்னணி இசையும் கத்தலும்தான். மாத்திரையை ஒரு சுற்றோடு சேர்த்துவிடுவது நல்ல வழி: "மூணாவது சுற்று முடிஞ்சதும் மாத்திரை" என்றால் மறுப்பு வராது. ஆனால் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டியதைச் சுற்றுக்காகத் தள்ளாதீர்கள்.

---

கொள்ளிடக்கரை கேட்டது:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பென்சில் குறிப்பு யோசனை அருமை. ராத்திரி வரை இழுப்பது பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள். எல்லாச் சுற்றும் முடிந்தது என்று இணையதளத்திலேயே வந்த பிறகும் இரண்டு மணி நேரம் அறிவிப்பு வராமல் இருப்பது ஏன்? அந்த நேரத்தில்தான் தெருவில் ஆயிரம் வதந்தி.

---

சீல் அரக்கு எழுதியது:

அந்த இரண்டு மணி நேரத்தில் உள்ளே பல வேலை நடக்கும். வெளியே யாரும் அதைச் சொல்லாததால்தான் வதந்தி.

ஒன்று, ஒப்புகைச் சீட்டு: ஓட்டுப் போட்டதும் விவிபேட் இயந்திரத்தில் சின்னத்தோடு அச்சாகி விழும் சீட்டு. ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் 5 பூத்தைக் குலுக்கலில் எடுத்து, அதன் விவிபேட் சீட்டுகளைக் கையால் எண்ணி இயந்திரக் கணக்கோடு ஒப்பிட வேண்டும். 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இது ஒன்றிலிருந்து ஐந்தானது. வங்கிக் கவுன்ட்டர்போலக் கம்பி வலை அடித்த ஒரு சின்னக் கூண்டுக்குள் வைத்து எண்ணுவார்கள். சீட்டைச் சின்னவாரியாகப் பிரித்து 25, 25ஆகக் கட்டி எண்ணுவது. ஐந்து பூத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் எடுப்பார்கள், பூத்துக்கு ஒரு மணி நேரம்வரை போகும். கணக்கு மாறினால் மறுபடி எண்ணுவார்கள். அப்போதும் மாறினால் சீட்டுக் கணக்கே செல்லும்.

இரண்டு, ஒதுக்கி வைத்த இயந்திரங்கள். வாக்குப்பதிவுக்கு முன் சோதனைக்காக நடத்தும் மாதிரி வாக்குப்பதிவில் போட்ட ஓட்டை அழிக்க மறந்த பூத், 17-சியோடு மொத்தம் ஒத்துவராத பூத், திரை வேலை செய்யாத பூத், இவற்றைத் தனியே வைத்துவிடுவார்கள். வெற்றி வித்தியாசம் அந்தப் பூத்துகளின் மொத்த ஓட்டைவிட அதிகம் என்றால் தொடவே வேண்டாம். சமமாகவோ குறைவாகவோ இருந்தால் அவற்றின் சீட்டை எண்ணியாக வேண்டும்.

மூன்று, தபால் ஓட்டு. நெருக்கமான தொகுதியில் சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான். உறுதிமொழிப் படிவம் 13-ஏ தனியாக, ஓட்டுச் சீட்டு 13-பி உறைக்குள் ஒட்டி, இரண்டும் 13-சி என்ற பெரிய உறைக்குள் இருக்க வேண்டும். உறுதிமொழியை ஓட்டு உறைக்குள்ளேயே போட்டுவிடுவது, சான்றொப்பம் இல்லாதது, சீட்டு எண்ணும் உறை எண்ணும் மாறுவது, இவைதான் அடிக்கடி செல்லாமல் போகக் காரணம். செல்லாதவை என்று தள்ளிய தபால் ஓட்டு வெற்றி வித்தியாசத்தைவிட அதிகம் என்றால், அத்தனையையும் பார்வையாளர் முன் மறுபடி பார்க்க வேண்டும் என்பது விதி.

2016 ராதாபுரம் இதற்குப் பாடம். வித்தியாசம் 49. தள்ளிய தபால் ஓட்டு 203. தலைமை ஆசிரியர் சான்றொப்பம் செல்லுமா என்பதில் வழக்கு. 2019 அக்டோபரில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அந்தத் தபால் ஓட்டையும் 19, 20, 21ஆவது சுற்றுகளையும் மறுபடி எண்ணினார்கள். எண்ணிய முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. தபால் ஓட்டுப் போடும் ஆசிரியர்களும் ஊழியர்களும் உறையை ஒட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் நின்று எண்ணைச் சரிபார்த்தால் அவர்கள் ஓட்டு வீணாகாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

முன்பு எல்லாச் சுற்றும் முடிந்தும் தபால் ஓட்டு பாக்கி நிற்கும். 2025 செப்டம்பரில் ஆணையம் இதை மாற்றியது: தபால் ஓட்டு எண்ணி முடித்த பிறகே கடைசிக்கு முந்தின சுற்றை எடுக்க வேண்டும். ஆகவே இனி தாமதம் கடைசி இரண்டு சுற்றுக்கு முன்னால் தெரியும். "20ஆவது சுற்றோடு நிறுத்திவிட்டார்கள்" என்று யாராவது பதறினால், முதலில் தபால் ஓட்டு முடிந்ததா என்று கேளுங்கள்.

மறு எண்ணிக்கை வேண்டுமென்றால், மொத்தக் கணக்கை வாசித்த பிறகு, முடிவை அறிவிப்பதற்கு முன், வேட்பாளரோ அவருடைய ஏஜென்ட்டோ காரணம் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். அறிவித்துவிட்டால் பிறகு உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குதான். ஓட்டு சமமாக வந்தால் குலுக்கல்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கூடுதலாக ஒன்று. டெபாசிட் கணக்கை டிவியில் அடிக்கடி தப்பாகப் போடுகிறார்கள். கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்க, பதிவான செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்க வேண்டும். இதில் நோட்டா சேராது. மேலே சொன்ன தொகுதியில் நோட்டா 1,800 என்றால், 1,78,200ஐ ஆறால் வகுத்து 29,700. அதற்கு மேல் ஒரு ஓட்டாவது வேண்டும்.

பூத்வாரி ஓட்டு வேண்டுமென்றால் படிவம் 20ஐத் தேடுங்கள். முடிவு வந்த பிறகு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தொகுதிவாரியாக ஏற்றுவார்கள். முந்தின நாள் பென்சிலால் குறித்த பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். படிவம் 20ஐப் பக்கத்தில் வைத்து எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று அதிலேயே நிரப்பி வையுங்கள். பூத் எண்கள் இடையில் மாறியிருக்கலாம் என்பதால், அடுத்த தேர்தலுக்கு அதை எடுக்கும்போது எண்ணைப் பார்க்காமல் பள்ளிக்கூடத்தின் பெயரை வைத்துப் பொருத்துங்கள்.